வால்வில் தொங்கிய துண்டு

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகம் பேசினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் இன்னும் பேச வேண்டும் என்று பயப்படுகிறவனுக்குச் சின்னப் பொய் மிகவும் வசதியானது. அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு முகப்பில் நின்றுகொண்டு நான் சொன்னது இரண்டே மலாய் வார்த்தைகள். "டி ரூமா." வீட்டில் என்று அர்த்தம். என் தங்கையின் கணவருக்கு எங்கே வெந்தது என்று கேட்டார்கள். வீட்டில் என்றேன்.

வெந்தது வீட்டில் அல்ல. பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே போனால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எண்ணெய் ஆலையில். நாங்கள் இருவரும் அங்கே பைப் ஃபிட்டர்கள். ஆலையின் நேரடி ஆட்கள் அல்ல, ஒரு கன்ட்ராக்டரின் ஆட்கள். நீராவிக் குழாய் எங்கே ஒழுகுகிறதோ அங்கே எங்களைக் கூப்பிடுவார்கள். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தை பிளாஞ்ச் என்போம். அதன் நட்டுகளைக் கழற்றி, நடுவில் இருக்கும் தேய்ந்த வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து இறுக்குவதுதான் பெரும்பாலும் வேலை. சொல்வதற்கு எளிது. ஆனால் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து யாரும் நீராவியை விட்டுவிடக் கூடாது. எங்கள் உயிர் அந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது.

அதற்குப் பூட்டு இருக்கிறது. வால்வை மூடிவிட்டு அதன் சக்கரத்தில் சங்கிலி போட்டு, வேலை செய்கிறவன் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவன் சட்டைப் பையில். எங்கள் கன்ட்ராக்டரிடமும் சிவப்புப் பூட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவருடைய வேனில், பின் இருக்கைக்கு அடியில். அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் அந்தப் பெட்டி வெளியே வரும். மற்ற நாட்களில் நாங்கள் துண்டு போடுவோம்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே அப்படித்தான். குழாயைத் திறக்கிறவன் தன் கழுத்துத் துண்டை வால்வுச் சக்கரத்தில் சுற்றிவிட்டுப் போவான். துண்டு தொங்கினால் அந்த வால்வை யாரும் தொடக் கூடாது. அடுத்தவன் துண்டை எடுக்கவும் கூடாது. பாய்லர் அறையில் வேலை செய்த இந்தோனேசியருக்கும் இது தெரியும். ஒவ்வொருவன் துண்டும் அவருக்கு அடையாளம் தெரியும். என்னுடையது நீலக் கட்டம் போட்டது. மாப்பிள்ளையுடையது ஓரம் கிழிந்த காவி. ஒரே குழாயில் இரண்டு பேர் வேலை செய்தால் ஒரே சக்கரத்தில் இரண்டு துண்டு தொங்கும். இரண்டும் போனால்தான் அவர் கையை வைப்பார். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பல வருடங்கள் அந்தத் துணி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்த வருடம் கோயில் திருவிழாவில் எங்கள் கன்ட்ராக்டர்தான் தலைவர். கடைசி நாளில் தன்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் மேடைக்கு அழைத்து, தலைக்கு ஒரு மஞ்சள் துண்டு போர்த்தினார். நல்ல கனமான துண்டு. வியர்வையை நன்றாக உறிஞ்சும். அடுத்த திங்கட்கிழமை எட்டுப் பேரும் அதே மஞ்சள் துண்டோடு வேலைக்கு வந்தோம். போடாமல் வந்தால் அவர் முகம் கோணும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. பாய்லர்க்காரர் எங்களைப் பார்த்து, "இன்னைக்கு என்ன, ஃபுட்பால் டீமா?" என்று மலாயில் கேட்டார். நாங்கள் சிரித்தோம். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஆலையின் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருந்தது. செம்பனைப் பழம் வேகவைக்கும் பக்கத்துக் குழாய் ஒன்று மட்டும் மூடியிருந்தது. அதன் ஒரு முனையில் நான், வளைவு தாண்டி மறுமுனையில் மாப்பிள்ளை. காலையிலேயே இருவரும் சக்கரத்தில் துண்டைச் சுற்றிவிட்டுப் போனோம்.

பத்து மணிக்குத் தேநீர் குடிக்க இறங்கும்போது முகம் துடைக்க நான் என் துண்டை எடுத்தேன். மாப்பிள்ளையின் பிளாஞ்ச் அப்போதும் திறந்துதான் இருந்தது, அவர் துண்டு சக்கரத்திலேயே தொங்கியது. அதனால் என்னுடையது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன். துடைத்ததை இடுப்பில் செருகினேன். செருகியதை மறந்தேன்.

பதினொன்றரைக்கு என் பக்கம் முடிந்தது. சக்கரத்தருகே வந்தேன். ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. மாப்பிள்ளை தன்னுடையதை எடுத்துவிட்டார், இது என்னுடையது என்று நினைத்துவிட்டேன். எடுத்துக் கழுத்தில் போட்டேன். பாய்லர்க்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "சூடா?" என்றார். மலாயில் முடிந்ததா என்று அர்த்தம். நான் கையைத் தூக்கினேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்தபோதுதான் என் கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒரு துண்டு இருந்தது.

நல்ல வேளை, பாய்லர்க்காரர் எப்போதும் மெதுவாகத்தான் திறப்பார். முழு வேகத்தில் வந்திருந்தால் மாப்பிள்ளை இன்று இல்லை. குழாயில் தங்கியிருந்த கொதிநீரும் நீராவியும் சேர்ந்து அவருடைய வலது கையிலும் விலாவிலும் அடித்தன. நான் ஓடிப் போனபோது தரையில் உட்கார்ந்து, வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர்க் குழாயை இழுத்து அவர் மேல் ஊற்றினேன். அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், கையி... கையி..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கன்ட்ராக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட விடவில்லை. தன் வேனிலேயே ஏற்றினார். பின் இருக்கையில் மாப்பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். என் காலடியில் பூட்டுப் பெட்டி இருந்தது. மண் சாலையில் வேன் குலுங்கும்போதெல்லாம் அந்தப் பூட்டுகள் கலகலத்தன.

ரப்பர் மரங்களைத் தாண்டி தார்ச் சாலைக்கு வந்த பிறகு கன்ட்ராக்டர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"துண்ட யாரு எடுத்தா?"

அவர் கண் என் கழுத்துக்குப் போனது. பிறகு தலையைத் திருப்பி என் இடுப்பைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் மஞ்சள் துண்டு இருந்தது.

"சரி விடு," என்றார். "நடந்தது நடந்து போச்சி. இப்ப நான் சொல்றத கேளு, தம்பி. மில்லுலன்னு சொன்னா பெரிய ஆளுங்க வருவானுங்க. பூட்டு எங்கன்னு கேப்பான், அப்புறம் யாரு எடுத்தான்னு கேப்பான். ஒனக்குத்தான் கஷ்டம். ஒன் மாப்பிள்ளைக்கும் ஒன்னும் கெடைக்காது, தப்பு ஒங்க ரெண்டு பேரு மேலதானேன்னுட்டுப் போயிருவான். வீட்டுல கோழி உரிக்கச் சுடுதண்ணி வச்சோம், கொட்டிருச்சின்னு சொல்லு. ஆஸ்பத்திரி, வீட்டுச் சாமான், எல்லாத்தயும் நான் பாத்துக்கறேன் லா. நான் யாரு, வெளி ஆளா?"

அவர் வெளி ஆள் இல்லைதான். ஒரே தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த லயம் இடிந்து எல்லாரும் பெடாஸ் பக்கத்துத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் கோயில் ஒன்றுதான். ஆனால் நான் அதற்காக மட்டும் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். துண்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்றபோது எனக்கு நெஞ்சு லேசாயிற்று. மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து பாதி மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் எனக்கு லேசாயிற்று.

முகப்பில் இருந்த மலாய்க்கார மருத்துவ உதவியாளர் எழுதிக்கொண்டே கேட்டார். நான் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன். பிறகு கோழியையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்.

"வீட்டில் கோழி உரிக்க சேஃப்டி பூட்ஸ் போடுவீங்களா, அங்கிள்?"

என் பின்னால் நின்ற கன்ட்ராக்டர் சிரித்தார். "அவன் அப்படித்தான், அண்ணே. தூங்கும்போதும் கழட்ட மாட்டான்," என்று மலாயில் சொன்னார். உதவியாளர் சிரிக்கவில்லை. எழுதினார்.

மாப்பிள்ளையை சிரம்பானுக்கு மாற்றினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். என் தங்கை தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். முதல் இரண்டு வாரம் கன்ட்ராக்டர் அரிசியும் பால் மாவும் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது வாரம் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சக்கரத்தில் மஞ்சள் துண்டைச் சுற்றவும் செய்தேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது. விபத்து நடந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் எதுவும் மாறவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது கட்டிலின் இடப் பக்கமாக உட்காருவேன். வலப் பக்கம் கை இருந்தது. பாய்லர்க்காரர் கவனிக்காமல் திறந்துவிட்டார் என்றே அவர் நினைத்திருந்தார்.

தோல் ஒட்டிக்கொண்டது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. பழையபடி ஸ்பேனர் பிடிக்க முடியுமா என்று தங்கை கேட்டதற்கு டாக்டர், நீண்ட நாள் பயிற்சி வேண்டும், அப்படியும் முழுதாக வரும் என்று சொல்ல முடியாது என்றாராம். கன்ட்ராக்டரை அவள் கோயிலில் பிடித்து நிறுத்திக் கேட்டிருக்கிறாள். "கை சரியானதும் வரச் சொல்லும்மா, வேல காத்துக்கிட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு அர்ச்சனைத் தட்டை வாங்கப் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் அவள் தொழிலாளர் காப்புறுதி அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள். அவள் எனக்கு நேர் எதிர். யாரிடமும் பேசுவாள். அங்கே ஆஸ்பத்திரி அறிக்கையைப் பார்த்துவிட்டு, இது வீட்டில் நடந்தது, வேலையில் நடந்ததற்குத்தான் இங்கே நஷ்ட ஈடு என்று சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையின் நகலோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இதுல என்னா எழுதியிருக்கு, படி."

படித்தேன்.

"கோழி உரிச்சோமாம். என்னிக்கு? வெள்ளிக்கிழம. எங்க வீட்டுல வெள்ளிக்கிழம முட்ட கூட ஒடைக்க மாட்டோம். அது ஒனக்குத் தெரியாது? பொய் சொல்றதுன்னா ஒரு நாளு கெழம பாத்துச் சொல்ல மாட்ட?"

நான் தண்ணீர்க் குழாயை அடைத்தேன்.

"அவரு மயக்கத்துல இருந்தாரு. சொன்னது நீயா, அந்தாளா?"

"நான்தான்," என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "அப்ப நீயே போயி மாத்திச் சொல்லு. வாய் இல்லாதவன் மாதிரி நிக்காத, அண்ணே. அங்க நல்லா இருந்திச்சி தானே வாயி?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிரம்பானில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில், தமிழ்ப் பெண் வக்கீல் ஒருவர் இருந்தார். தங்கை அவரை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியாது. அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். வக்கீலுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"முதலாளி மேல கேஸ் போட்டு நாறடிக்கணும்," என்றாள் தங்கை.

"அக்கா, ஒங்க கோபம் நியாயம்தான். ஆனா சட்டம் அப்படி வழி விடல," என்றார் வக்கீல். "தொழிலாளர் காப்புறுதிக்குள்ள வர்ற ஆளுக்கு அடிபட்டா, அந்த நிதியிலருந்துதான் வாங்கணும். அதே காயத்துக்கு முதலாளி மேல தனியா கேஸ் போடறது முடியாது. அதனால மொதல்ல இந்த வழியத்தான் ஒழுங்காப் போகணும். வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கொடுப்பாங்க. மருத்துவச் செலவு, கைப் பயிற்சி, எல்லாம் அதுல இருக்கு. கடைசில டாக்டருங்க குழு பாத்து, கை எவ்ளோ போச்சின்னு முடிவு பண்ணும். அதுக்கும் உண்டு."

"அந்தாளு இவரு பேர பதியவே இல்லியாம்மா," என்றாள் தங்கை. "சம்பளச் சீட்டே கெடையாது."

"பதியாதது அவரு தப்பு. அத அரசாங்கம் அவருகிட்ட கேட்டுக்கும். இவரு அங்க வேல செஞ்சாரு, அங்க அடிபட்டுச்சின்னு காட்டினா போதும். ரெண்டு நாளுக்குள்ள அவரு விபத்த சொல்லியிருக்கணும், சொல்லல. அதுவும் அவரு பாடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதத்துலதான் நிக்குது, அங்கிள். அதுல வீடுன்னு சொன்னவரு நீங்க. ஆலை கேட்டுல ஜாகா வச்சிருக்கற புத்தகத்துல ஒங்க ரெண்டு பேரு பேரும் இருக்கும், அத அவங்க கேட்டு வாங்குவாங்க. ஆனா அங்க என்ன நடந்துச்சின்னு சொல்ல ஒரு ஆளு வேணும். சத்தியக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் ஆபீசர் கூப்பிட்டு விசாரிப்பாங்க. போவீங்களா?"

ஜாகா என்றால் காவலாளி. அந்தப் புத்தகத்தில் அன்று காலை மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நான்தான் எழுதியிருந்தேன். அவர் எழுத்து கோழி கிறுக்கியது போல் இருக்கும்.

போகிறேன் என்று தலையை ஆட்டினேன். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு ஒங்க மேலன்னு போயிருவான் என்று வேனில் கேட்டது அப்படியே காதில் இருந்தது. உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது என்னால் இரண்டாவது முறை போய்விடும் என்று நம்பினேன். அதனால் கடிதத்தில், ஆலையில் குழாய் வேலை செய்யும்போது நீராவி வந்தது என்று மட்டும் எழுதினோம். ஏன் வந்தது என்று எழுதவில்லை. வக்கீல் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். கேட்கவில்லை.

கடிதம் போன செய்தி எப்படியோ கன்ட்ராக்டருக்கு எட்டியது. ஆலை வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"எல்லாத்தயும் சொல்லிட்டியா? மஞ்சத் துண்டு வரைக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லல, தெரியுது. ஒனக்குச் சொல்ல வராதுடா. அங்க போயி உக்காரு. பூட்டு போடலன்னு நீ என்னைச் சொன்னா, துண்ட எடுத்தது யாருன்னு நான் சொல்லுவேன். ஒன் மாப்பிள்ள காதுலயும் போடுவேன். யோசிச்சிக்க." கண்ணாடியை ஏற்றப் போனவர் மறுபடி இறக்கினார். "நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்."

விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. வீட்டிலேயே இருந்தேன். தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மனைவி என்னவென்று கேட்டாள், வாயுத் தொல்லை என்றேன். மாப்பிள்ளையிடம் முதலில் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் வீடு வரை போனேன். முதல் முறை அவர் இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா மச்சான், பாரு, சின்னப்புள்ள மாதிரி சிந்திக்கிட்டு..." என்று சிரித்தார். நான் உட்கார்ந்து, பந்து விளையாட்டு பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறை வாசல் கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

விசாரணை நாளில் நாங்கள் இருவரும் ஒரே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தோம். தனித்தனியாகக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதிகாரி தலையில் துடோங் அணிந்த மலாய்க்காரப் பெண். ஐம்பது வயது இருக்கும். அவருக்கு முன்னால் ஆஸ்பத்திரி அறிக்கை, என் கடிதம், ஜாகா புத்தகத்தின் நகல். என் கையெழுத்து தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வலது கையை மடியில், ஒரு கைக்குட்டைக்கு அடியில் வைத்திருந்தார்.

அதிகாரி மலாயில் கேட்டார். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள். யார் வேலை கொடுத்தது. என்ன வேலை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். குரல் சரியாக வராததால் அவர் இரண்டு முறை மறுபடி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில் ஏன் வீடு என்று சொன்னீர்கள்?"

"கன்ட்ராக்டர் சொல்லச் சொன்னார்."

"அவர் சொன்னார். நீங்கள் ஏன் சொன்னீர்கள்?"

மேசை மேல் பச்சை நிற ஸ்டாப்ளர் ஒன்று இருந்தது. அதையே பார்த்தேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "சொல்லு மச்சான், பயப்படாத," என்று தமிழில் மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். பூட்டுப் பெட்டி வேனில் இருந்தது. வால்வில் துண்டு போடுவோம். எல்லாத் துண்டும் ஒரே மஞ்சள். என்னுடையது இடுப்பில் இருந்ததை மறந்து, அவருடையதை எடுத்தேன். பாய்லர்க்காரர் கேட்டபோது கையைத் தூக்கினேன். என் உடைந்த மலாயில் அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. மாப்பிள்ளை பக்கம் நான் திரும்பவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"இதனால் அவருக்குக் கிடைக்காமல் போய்விடுமா?" என்று கேட்டேன்.

அதிகாரி பேனாவை வைத்து, மாமா என்று மலாயில் கூப்பிட்டுச் சொன்னார். "பக்சிக், இங்கே நான் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. அவர் தப்பாகவே இருந்தாலும், உங்கள் தப்பாக இருந்தாலும், வேலை நேரத்தில் வேலையால் அடிபட்டதா என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது." பிறகு, "பூட்டு விஷயத்தைப் பாதுகாப்பு இலாகா கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பூட்டை வேனில் வைத்திருந்தவர். நீங்கள் சொன்னதை நான் எழுதிக்கொள்கிறேன்," என்றார்.

அவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு வாரங்கள் நான் எதை மறைத்து வைத்திருந்தேனோ, அதை அவர் கேட்கவே போவதில்லை. முதல் நாளே, முகப்பிலேயே, மில்லில் நடந்தது என்று சொல்லியிருந்தால் போதும். தப்பு நம்முடையது என்றால் ஒன்றும் கிடைக்காது என்று கன்ட்ராக்டர் சொன்னதை யாரிடமும் கேட்டுப் பார்க்காமல் நம்பிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அப்படித்தான். மேலே இருக்கிறவன் எது சட்டம் என்கிறானோ அதுவே சட்டம்.

இரவல் வாங்கிய காரில் பெடாஸ் வரை மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஓட்டினேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ரொம்ப தூரம் எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. வழக்கமாக என்றால், "முந்து மச்சான், கல்யாண ஊர்வலமா போறோம்?" என்பார். அன்று லாரியின் பின்னாலேயே வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது இடது கையால் கதவைத் திறக்கத் தடுமாறினார். நான் இறங்கிப் போகப் பார்த்தேன்.

"இருக்கட்டும்," என்றார். அவரே திறந்துகொண்டு உள்ளே போனார்.

நஷ்ட ஈட்டு மனு ஏற்கப்பட்டது என்ற செய்தியைத் தங்கைதான் போனில் சொன்னாள். வேலையில் ஏற்பட்ட காயம் என்று எழுதியிருக்கிறதாம். கைப் பயிற்சிக்கும் அவர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டாக்டர்கள் குழு பிறகு. "அவரு எப்படி இருக்காரு?" என்றேன். "இருக்காரு," என்றாள். பிறகு, "சொன்னியே, அது போதும்ணே. மத்தத அவரு பாத்துக்குவாரு," என்றாள். அவள் குரலில் கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை.

எனக்கு ரெம்பாவ் பக்கம் வேறு ஒருவரிடம் வேலை கிடைத்தது. அங்கே பூட்டுப் போடச் சொல்கிறார்கள். ஆனாலும் நானே ஒரு பூட்டு வாங்கி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் தாலி என்று கேலி செய்கிறார்கள். மஞ்சள் துண்டை மனைவி தரை துடைக்க எடுத்துக்கொண்டாள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் மாப்பிள்ளை என்னிடம் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தங்கைக்குக் காய்ச்சல். பயிற்சிக்கு அவரை அழைத்துப் போக ஆள் இல்லை என்று அவள் கூப்பிட்டாள். போனேன். வழியில் இரண்டு மூன்று வார்த்தைதான். மழை வருமா என்றேன், வரும் போல என்றார்.

பயிற்சி அறையில் ஒரு நீளமான மேசை. பயிற்சி கொடுக்கும் பெண், மாப்பிள்ளையை ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். பிறகு துணி பிழிய வேண்டும் என்றார். ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்க வேண்டும், பிடி வருவதற்கு அது நல்லது. அலமாரியில் துணி தேடினார். கிடைக்கவில்லை. எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார்.

மாப்பிள்ளை வலது கையை மேசை மேல் வைத்து விரல்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். நடுவிரல் வரை வந்தது. சுண்டுவிரல் வரவில்லை. அந்தக் கையை நான் நேராகப் பார்த்தது அன்றுதான். தோல் பளபளவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது.

"மச்சான்," என்றார் தலையைத் தூக்காமல். "ஒந் துண்டு இருந்தா குடு."

"இல்ல மாப்ள. நான் இப்ப..."

"பாரு, ஒழுங்கா இடுப்புல பாரு. ஒனக்குத்தான் ஒன்னு எப்பவும் கூட இருக்குமே."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்துக் குழாயடியில் நனைத்துக்கொண்டு வந்தேன். அவர் இடது கையால் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை வலது கையின் விரல்களுக்குள் வைத்து, அவை மடங்கும் வரை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"ஏய், விடு, விடு," என்றார். "நீ பிடிச்சா நான் எப்படி முறுக்கறது?"

விட்டேன். அவர் முறுக்கினார். கொஞ்சம் தண்ணீர் சொட்டியது.